உச்சி வெயிலும் பெரிய கொடுவாவும்

வெயில் ஏறிவிட்டால் பெரிய மீன் தூண்டிலைத் தொடாது என்பது நம் மக்களிடையே நெடுநாளாக வழங்கிவரும் ஓர் அபிப்பிராயம். விடியற்காலையில் போ, அன்றேல் அந்திக்குப் போ, இடைப்பட்ட நேரத்தில் கூரையடியில் படுத்துறங்கு என்று தூண்டிற்காரர் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது முற்றும் பொய்யன்று, முற்றும் மெய்யுமன்று. இதனைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு இளமையிலேயே கிட்டியது. கிட்டியது என்பதைவிட நம் தலைமேல் வந்து விழுந்தது என்பதே பொருத்தம். தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளியின் வீட்டில் வளர்ந்தவனுக்கு விடியற்காலை சொந்தமன்று.

நேயர்களிற் பலர் தோட்டத்து வாழ்க்கையை நம்மினும் நன்கறிந்தவர்கள். எனினும் பட்டணத்தில் பிறந்து வளர்ந்த இளைஞர்களின் பொருட்டு ஒரு வார்த்தை சொல்லுவோம். ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடுவது குளிர்ந்த வேளையில். வெயில் ஏற ஏற மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பாலின் ஓட்டம் தளர்ந்துவிடும். ஆகவே இருள் பிரியுமுன்பே பிரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போயாக வேண்டும். காலைக் குளிர்ச்சி முழுவதும் மரத்துக்கும் முதலாளிக்கும் உரியது. பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்து, வாளி கழுவி, லயத்துக்குத் திரும்பி ஒரு வாய் சோறுண்டு நிமிரும்போது சூரியன் உச்சியைக் கடந்திருப்பான். தொழிலாளிக்கு மிஞ்சுவது அந்த வெயில்தான். அந்நேரத்தில் மீன் கடிக்குமா, கடிக்காதா என்று ஆராய்ந்துகொண்டிருக்க அவனுக்கு வழியில்லை. கடிக்கும்படி செய்துகொள்ள வேண்டும். இல்லையேல் இரவுக்கு வெறும் புளிக்குழம்பு.

நம் தாய்மாமன், சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்கும் கோலசிலாங்கூருக்கு ஏழெட்டு மைல் தொலைவில் ஒரு தோட்டத்தில் மரம் சீவிக்கொண்டிருந்தார். 1970களின் தொடக்கம், நமக்கு வயது ஒன்பதோ பத்தோ. பள்ளி விடுமுறை நாட்களில் மாமா தம் சைக்கிளின் பின்னால் நம்மை ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் புறப்படுவார். பாட்டி வழிமறிப்பார். "உச்சிப் பொழுதில் ஆற்றங்கரையில் முனி உலவும், பிள்ளையைக் கொண்டுபோகாதே" என்பது அவர் வாதம். "முனிக்கும் கால் சுடும் அம்மா. அது எங்கேனும் மர நிழலில் படுத்திருக்கும்" என்பது மாமாவின் மறுமொழி.

அந்த முனியை நாம் ஒருநாளும் கண்டதில்லை. ஆயினும் பின்னாளில் யோசித்துப் பார்க்கையில், பாட்டியின் அச்சத்துக்குள்ளும் ஓர் அநுபவம் ஒளிந்திருந்தது என்றே தோன்றுகிறது. உச்சி வெயிலில் நீர் அருந்தாமல் நின்று மயங்கி விழுந்த பிள்ளைகளை அவர் கண்டிருப்பார். காரணம் தெரியாமையால் முனியின்மேல் பழியைப் போட்டிருப்பார். மாமா முனியை நம்பாதவர். வெயிலை நன்றாக நம்பியவர். ஒரு பெரிய போத்தலில் உப்பிட்ட நீராகாரம், தலைக்கு நனைத்த துண்டு, நமக்கு ஒரு பழைய ஓலைத்தொப்பி இவையின்றி அவர் கிளம்பியதேயில்லை.

மாமாவின் தூண்டிற் சாமான்களைக் கண்டால் இக்காலத்துப் பிள்ளைகள் நகைப்பார்கள். காலிப் பால்டின் ஒன்றில் சுற்றிய தடித்த தங்கூசி, ஈயத்துண்டு ஒன்று, முள் இரண்டு, அவ்வளவே. கோல் கிடையாது. ஆனால் லயத்துச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அமாவாசையையும் பௌர்ணமியையும் அவர் கரித்துண்டால் வட்டமிட்டு வைத்திருப்பார். மகனுக்குப் பக்தி வந்துவிட்டதென்று பாட்டி மகிழ்ந்ததுண்டு. விஷயம் வேறு. இக்கரையில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதி. அந்நாட்களில் நீர் நடுப்பகலை அடுத்து அடிமட்டத்துக்கு வற்றி, பின்னர் அந்திவரை ஏறிக்கொண்டேயிருக்கும். தொழிலாளி வேலை முடித்து ஆற்றுக்கு வரும் நேரமும் நீர் திரும்பும் நேரமும் பொருந்தி வருவது அப்போதுதான்.

மீனுக்குக் கடிகாரம் நீரோட்டமே என்பது மாமாவின் சித்தாந்தம். வெயில் எவ்வளவு கொளுத்தினாலும், நீர் திரும்பி ஓடத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரத்தில் கொடுவா இரை தேடும். ஓட்டம் நின்றால் அதுவும் நிற்கும். குளிர்ந்த காலையில் அசையாத நீரில் தூண்டில் போடுகிறவனைக் காட்டிலும், கொளுத்தும் பகலில் அசையும் நீரில் போடுகிறவனுக்கே மீன் என்று அவர் சொல்வார். அந்நாளில் நாம் இதனை மாமாவின் கைராசி என்று எண்ணியிருந்தோம். ராசி என்று நாம் பெயரிட்டு ஒதுக்கும் பலவற்றுள் இப்படி ஒரு கணக்கு மறைந்து கிடக்கும் போலும்.

கொடுவாவை அறியாதார் இலர். மலாய்க்காரர் சியாக்காப் என்பர்; உணவுக்கடைகளில் எலுமிச்சை பிழிந்து ஆவியில் வேகவைத்துத் தட்டில் வருவது இதுவே. கடைக்கு வருவது பெரும்பாலும் வளர்ப்பு மீன். தட்டின் அளவுக்கு வளர்ந்ததுமே அதன் வாழ்நாள் முடிந்துவிடுகிறது. ஆற்று முகத்துக் கொடுவா வேறு பிறவி. ஒரு மீட்டருக்கு மேலும் நீளும். முதுகு கறுத்து, விலா வெள்ளி பூசியதுபோல் இருக்கும். இருளில் விளக்கொளி பட்டால் கண் செம்பொன்னாய்ச் சுடரும். அது இரையைப் பல்லால் கவ்விக் கிழிப்பதில்லை. பெருவாயைத் திடுமெனத் திறந்து இரையை நீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். அப்போது 'டப்' என்றோர் ஓசை எழும். சதுப்பு மரங்களுக்கிடையே அவ்வோசையை ஒருமுறை கேட்டவர் மறவார். செவுள் மூடியின் ஓரமோ சவரக்கத்தி. மாமாவின் வலக்கைக் கட்டைவிரலில் அது கிழித்த தழும்பு இன்றும் இருக்கிறது. மெல்லிய நூலாயின் மீன் துள்ளித் தலையை உதறும்போது அச்செவுளே நூலை அறுத்துவிடும்; முள்ளுக்கு முன்னே ஒரு முழம் தடித்த தங்கூசி கட்டுவது இதனால்தான்.

வெயிலில் அது எங்கே நிற்கும்? மனிதன் நிற்குமிடத்தில்தான், நிழலில். கண்டல் மரம் சாய்ந்து நீரில் கிடக்குமிடம், படகுத்துறைத் தூண்களின் இடைவெளி, சிற்றோடை ஆற்றில் வந்து விழும் வாய், ஆறு வளைந்து ஆழமாகுமிடம் இவையெல்லாம் கொடுவாவின் திண்ணைகள். நிழலிலிருந்து வெளிச்சத்தைப் பார்ப்பவனுக்கு யாவும் தெரியும். வெளிச்சத்தில் வருகிறவனுக்கு நிழலுக்குள் இருப்பவன் தெரியான். ஓட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து, துடுப்பை மெல்ல அசைத்தபடி, இறாலும் மடவையும் தானாக வந்து சேரும்வரை அது காத்திருக்கும். எனவே மாமா வீச்சுவலையில் பிடித்த உயிர் இறாலின் தலைக்கொம்புக்கு அடியில், உள்ளே தெரியும் கரும்புள்ளியில் படாதபடி முள்ளைக் கோத்து, நிழலுக்கு மேற்புறத்தில் நீரில் விடுவார். ஓட்டமே அதனை நிழலின் ஓரத்துக்குக் கொண்டுபோகும். நிழலுக்குள் நேராக எறிந்தால் மீன் கலையும். எறிந்தவனின் நிழல் நீரில் விழுந்தாலும் கலையும். இதற்காகவே சூரியன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று பார்த்துப் பார்த்து இடம் மாறுவார். வெயிற்காலத் தூண்டிலில் வெயிலுக்கு இருக்கும் முக்கிய வேலை, எந்தக் கரையில் நிற்பது என்று சொல்வதே.

நிற்க. வெயிலில் பெரிய மீன் கடிக்காது என்ற அபிப்பிராயம் பின் எவ்வாறு பிறந்தது? குளத்துக்காரர்களிடமிருந்து பிறந்திருக்க வேண்டும். மீனின் உடற்சூடு நீரின் சூட்டைப் பின்பற்றுவது. நீர் சூடாக ஆக அதன் உடலில் எரிப்பு மிகுந்து, பசியும் மிகும், பிராணவாயுத் தேவையும் மிகும். அதே வேளையில் நீரோ பிராணவாயுவை இழக்கும். 20 பாகைச் சூட்டில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையில் ஏறக்குறைய ஏழரை மில்லிகிராமே தாங்கும். உப்பு நீர் இன்னும் குறைவாகத் தாங்கும். தேவை கூடும்போது வரவு குறைகிறது. தேங்கிய குட்டையில் மீன் அடங்கிக் கிடப்பது இதனால்தான். ஆற்று முகத்திலோ கடல் நாளுக்கு இருமுறை வந்து நீரைப் புதுப்பித்துவிட்டுப் போகிறது. கொடுவா வெப்ப நாட்டு மீனும்கூட. குளிர்ந்தால்தான் அது சோம்பும். ஆகையால் குளத்து ஞானத்தை ஆற்றுக்குக் கொண்டுவருதல் தகாது.

வெயில் மீனின் பசியைக் கெடுப்பதில்லை என்று கண்டோம். அது வேறொன்றைக் கெடுக்கிறது என்பதை நாம் அறிந்துகொள்ள இன்னும் நாற்பதாண்டுகளுக்கு மேல் பிடித்தன.

2016 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து வெயிலை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எல்-நினோ என்னும் பசிபிக் கடல் வெப்பத்தின் விளைவாக இந்நாடு காய்ந்தது. பெர்லிஸ் மாநிலத்திலும் கெடாவின் சில வட்டாரங்களிலும் வெயிலை முன்னிட்டுப் பள்ளிகளை மூடினார்கள். 1998 இல் பெர்லிஸின் சுப்பிங்கில் பதிவான 40.1 பாகையை அவ்வாண்டு வெயில் எட்டவில்லையாம். எட்டாமற்போனதற்கு நன்றி சொல்லும் நிலையில் யாரும் இல்லை. அம்மாதப் பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள் சனிக்கிழமை, நாமும் மாமாவும் நம் தம்பி மகனும் ஒரு மலாய் மீனவரிடம் சம்பானை வாடகைக்குப் பேசிக்கொண்டு ஆற்றில் இறங்கினோம். மாமாவுக்கு அப்போது வயது எழுபத்தைந்தைக் கடந்துவிட்டது. தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் இடிந்து, அவர் ஊரோரத்து மலிவுவீடு ஒன்றில் குடியேறிப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன. தம்பி மகன் கோலாலம்பூரில் கணக்கு வேலை பார்ப்பவன். விலையுயர்ந்த கோலும் ரீலும், மீனை நிறுக்கத் தொங்குதராசும் கொண்டுவந்திருந்தான். பால்டின்னில் சுற்றிய மாமாவின் தங்கூசி அவற்றின் பக்கத்தில் ஏழை உறவினன்போல் கிடந்தது.

நீர் இன்னும் வற்றி முடியவில்லை. கண்டல் வேர்கள் சேற்றோடு நிற்க, சம்பானை ஒரு மரநிழலில் கட்டிவிட்டுக் காத்திருந்தோம். காத்திருக்கும் நேரத்தில் தம்பி மகன் ஒரு கதை சொன்னான். கதையன்று, நடந்த செய்தி. அமெரிக்காவில் பாஸ் என்றொரு நன்னீர் மீன் உண்டு. நம் கொடுவாவுக்கும் ஆங்கிலேயர் ஆசியக் கடற் பாஸ் என்று பெயரிட்டிருக்கின்றனராயினும் இரண்டும் வேறு குடும்பம்; பெருவாயும் நிழல் நாடும் குணமுமே ஒற்றுமை. அந்நாட்டில் கோடைதோறும் இலட்சக்கணக்கானோர் அதன் பின்னே அலைகின்றனர். கோடையில் பெரிய பாஸ் ஆழத்துக்கும் நிழலுக்கும் இறங்கிவிடும், பகலில் கிடைப்பது அரிது என்பது அங்கும் பொதுவான பேச்சு. ஆனால் உலகத்திலேயே மிகப் பெரிதென்று பதிவான பாஸ், 1932 ஆம் ஆண்டு ஜூன் 2 ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்தின் மாண்ட்காமரி ஏரியில் பிடிபட்டது. எடை 22 பவுண்டு 4 அவுன்சு. பிடித்தவர் ஜார்ஜ் பெர்ரி என்னும் இருபது வயது உழவர்மகன். பொருளாதார மந்தத்தால் நாடே பட்டினி கிடந்த காலம். தகப்பனை இழந்த குடும்பம் அவர் தோள்மேல் இருந்தது. மீனை ஊருக்குக் கொண்டுவந்து நிறுத்தார். ஒரு பத்திரிகையின் போட்டிக்கு எடையை எழுதி அனுப்பினார். பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்து உண்டுவிட்டார்கள். அந்த எடைக்கு ஈடு பிறக்க 77 ஆண்டுகள் ஆயின. 2009 ஆம் ஆண்டு ஜூலை 2 ஆம் நாள், அதுவும் கோடையில், ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரித்தா என்பவர் உயிர்மீனை இரையாக்கி ஏறத்தாழ அதே எடையில் ஒன்றைப் பிடித்தார். வித்தியாசம் ஓர் அவுன்சுகூட இல்லாமையால் இருவரையும் சமமென்று எழுதிவைத்தனர்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பையன் மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்றானா இல்லையா?" என்றார்.

"தின்றார் தாத்தா. இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை. நிறுத்து, படமெடுத்து, மீண்டும் நீரில் விட்டுவிடுகிறார்கள். மீன் பிழைத்துப் பெருகும், அடுத்தவனுக்கும் கிடைக்கும்."

"விடுவதற்கு எதற்குப் பிடிக்கிறார்கள்?"

தம்பி மகன் நம்மைப் பார்த்தான். நாம் அக்காலத்தில் அவன் கட்சி. மீனைக் கொல்லாமல் விடுவது நாகரிகம் என்று நாமும் எண்ணியிருந்தோம். மாமாவுக்கு எடுத்துச் சொல்லவும் முற்பட்டோம். அவர் பதில் சொல்லாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணியளவில் கண்டல் வேரில் ஒட்டியிருந்த ஓர் இலை கடல்பக்கம் போகாமல் நின்றது. சற்று நேரத்தில் மேல்நோக்கி நகர்ந்தது. "போடு" என்றார்.

முதலில் இரண்டு கெளிறு வந்தன. பிறகு அரை மணிநேரம் ஒன்றுமில்லை. சம்பானின் பலகை கை வைக்க முடியாதபடி காய்ந்திருந்தது. பிறகு, சாய்ந்து கிடந்த மரத்தின் அடியிலிருந்து அந்த 'டப்' ஓசை கேட்டது. தம்பி மகனின் ரீல் அலறியது. மீன் இருமுறை நீரைவிட்டு மேலே வந்து தலையை உதறியது. அதன் அளவைக் கண்டதும் மூவரும் வாயடைத்துப் போனோம். அவன் கட்டியிருந்த நூல் மெல்லியது. மெல்லிய நூலில் பெரிய மீனைப் பிடிப்பதே வித்தை என்று சொல்லிக்கொள்வார்கள். அந்த வித்தையின் பயனாக மீனைக் கரைசேர்க்க இருபது நிமிடத்துக்கு மேலாயிற்று. மாமாவின் தடித்த தங்கூசியாயின் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

சம்பானில் ஏற்றிப் பலகையின்மேல் கிடத்தினோம். தராசைத் தேடினோம். தாடையில் கொக்கி மாட்டித் தூக்கினோம், ஒன்பதரை கிலோ. நீளம் பார்த்தோம், 92 செ.மீ. அவன் கையில் மீனோடு நாம் ஒரு படம், நம் கையில் மீனோடு அவன் ஒரு படம், மாமாவை நடுவில் வைத்து ஒரு படம். மாமா வரமாட்டேன் என்றார்; வற்புறுத்தினோம். எவ்வளவு நேரம் சென்றதென்று அப்போது நினைக்கவில்லை. பிறகு தம்பி மகன் மிகுந்த மரியாதையோடு மீனை நீரில் இறக்கி, வாலைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தான். செவுள் இரண்டு முறை திறந்து மூடிற்று. விட்டான். மீன் ஒரு பாகம் கீழே போய், பக்கவாட்டில் சாய்ந்து, வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தது. ஓட்டம் அதை ஆற்றின் மேற்பக்கமாகக் கொண்டுபோயிற்று. சம்பானை அவிழ்த்துப் பின்னே போய் மாமாதான் வலைக்கூடையால் அள்ளினார். பலகையில் கிடந்த பக்கத்துச் செதில்களின் மேலிருந்த வழவழப்பு முற்றும் காய்ந்து, துணிபோல் உரிந்து வந்தது.

மாமா கோபக்காரரல்லர். அன்று சொன்னது இவ்வளவே: "மாப்பிள்ளை, தின்பதானால் பிடித்த உடனே தலையிலடித்துக் கொன்றிருக்கலாம். விடுவதானால் தண்ணீரைவிட்டு எடுக்காமலே விட்டிருக்கலாம். நீங்கள் இரண்டும் செய்யவில்லை. சுட்ட பலகையில் போட்டு வேடிக்கை பார்த்தீர்கள்."

வெயில் கெடுப்பது எதனை என்று அப்போதுதான் புரிந்தது. நெடுநேரம் இழுபட்ட மீனின் தசையில் நச்சுப்புளிப்பு ஏறிவிடுகிறது. அதைக் கழிக்க மிகுதியான பிராணவாயு வேண்டும். சூடேறிய நீரில் அது குறைவு. போதாக்குறைக்குக் காற்றில் தூக்கிப் பிடித்து மூச்சையும் நிறுத்தியிருந்தோம். குளிர்ந்த நாளில் இவ்வளவு கொடுமையையும் ஒரு மீன் தாங்கினாலும் தாங்கும். வெயிலில் தாங்காது. சிறிய மீனைவிடப் பெரிய மீனுக்கே ஆபத்து அதிகம். அதன் போராட்டமும் நீண்டது, படமும் அதிகம்.

துன்பம் அதோடு முடியவில்லை. வீட்டில் மாமி அரிவாள்மனையை எடுத்துவைத்து வயிற்றைக் கீறியதும் கை நின்றது. இருபுறமும் முழங்கை நீளத்துக்குச் சினை திரண்டிருந்தது. "பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுவந்திருக்கிறீர்களே" என்றார். பிறகு குழம்பு வைத்தார். சினையைத் தனியே வறுத்தார். தம்பி மகன் அன்று தயிர்ச்சோறு உண்டான். நாம் உண்டோம். மறைப்பானேன், மிகவும் ருசியாகவே இருந்தது.

அதன்பின் இம்மீனின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். கொடுவா பெரும்பாலும் ஆணாகவே பருவமடைகிறது. ஏறக்குறைய மூன்று நான்கு வயதில், அரை மீட்டரைச் சற்றுக் கடந்த நீளத்தில். இன்னும் சில ஆண்டுகள் சென்று, 85 செ.மீ. முதல் ஒரு மீட்டர் அளவை எட்டும்போது அதே மீன் பெண்ணாக மாறிவிடுகிறது. எனவே ஆற்றிலுள்ள பெரிய கொடுவாக்கள் ஏறத்தாழ யாவும் தாய்மார்கள். ஆற்று முகத்து உப்பு நீரில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, மாலையில் நீர் ஏறும் வேளையில் முட்டையிடுவது அவற்றின் வழக்கம். ஒரு பெருந்தாய் பல இலட்சம் முட்டைகளை இடும். மாமா கரித்துண்டால் வட்டமிட்ட நாட்கள் எவை என்பதை நேயர்கள் இப்போது நினைவுகூர்க. தொழிலாளியின் ஓய்வுநேரமும் நீரின் திருப்பமும் மட்டுமன்று, தாய்மீன் ஆற்று முகத்தில் வந்து கூடும் பொழுதும் அங்கே ஒன்றாகப் பொருந்தியிருந்தது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் ஆற்றிலும் கடலோரத்திலும் 58 செ.மீ. க்குக் குறைந்த கொடுவாவையும் 120 செ.மீ. க்கு மிஞ்சியதையும் வைத்துக்கொள்ளலாகாது என்று விதி செய்திருக்கிறார்கள். சிறியது இன்னும் தகப்பனாகாதது. மிகப் பெரியது தாய். அம்மாநிலத்தின் கிழக்குக் கரையில் நவம்பர் தொடக்கம் முதல் பிப்ரவரி தொடக்கம் வரை, அஃதாவது அந்நாட்டுக் கோடையில், ஆற்றுக் கொடுவாவுக்குத் தூண்டில் போடுவதற்கே தடை.

இவற்றையெல்லாம் மாமாவிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் யோசித்தார். ஆண் பெண்ணாவதை அவர் நம்பவில்லை. அது பத்திரிகைக்காரர் கட்டியது என்றார். மற்றதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் காலத்தில் இதையெல்லாம் எனக்குச் சொல்லியிருந்தால், பிள்ளைகளுக்கு எதைப் போட்டுச் சோறு கொடுத்திருப்பேன்?"

இதற்கு விடை நம்மிடம் இல்லை. மாதச் சம்பளத்தில் கடைக்கடன் போக மிஞ்சுவதைக் கொண்டு மீன் வாங்கித் தின்ற லயத்துக் குடும்பங்கள் எத்தனை என்பதை நாம் அறிவோம். பெர்ரியின் வீட்டாரை அமெரிக்காவில் யாரும் குறைகூறவில்லை. மாமாவைக் குறைகூற நாம் யார்? அவர் தம் வாழ்நாளில் பிடித்த பெரிய கொடுவாக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொன்றும் லயத்தில் நாலைந்து வீடுகளுக்குப் போயிற்று. தலையை மட்டும் தமக்கென்று வைத்துக்கொள்வார். நாமோ மாதச் சம்பளக்காரர். ஐஸ்பெட்டியில் கோழி இருக்கிறது. பசியில்லாதவன் பசித்தவனின் பௌர்ணமியில் போய்த் தூண்டில் போடுகிறோம். மாமா தின்றதில் கணக்கு இருந்தது. நாம் விட்டதிலும் ஒரு கணக்கு இருக்கவேண்டுமல்லவா? அன்று அந்தப் பலகையின்மேல் அது இருக்கவில்லை.

மறு ஆண்டு வெயிற்காலத்தில் மீண்டும் மூவரும் போனோம். இம்முறை நூலைத் தடிக்கச் செய்தோம்; முள்ளின் எதிர்முனையை நசுக்கி மழுக்கினோம்; தராசை வீட்டில் வைத்துவிட்டோம். நீர் திரும்பிய முதல் மணிநேரத்தில் ஒன்று பிடிபட்டது. ஐந்தாறு நிமிடத்தில் சம்பானின் ஓரத்துக்கு வந்துவிட்டது. பெரியது. போன ஆண்டு மீனைவிடப் பெரிதாகவும் இருந்திருக்கலாம். தம்பி மகன் கையை நனைத்துக்கொண்டு, மீனை நீரிலேயே வைத்து, குறடால் முள்ளைத் திருகி எடுத்தான். அது ஒரு கணம் நம் பக்கத்தில் நின்றது. பிறகு வாலால் ஒரு வீச்சு. மூவர் முகத்திலும் ஆற்றுநீர். நிழலுக்குள் போய் மறைந்தது.

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. கரைசேரும்வரையிலும் பேசவில்லை. அவர் பேத்திக்கு அன்று பிறந்தநாளாம். தாத்தா ஆற்றுக்குப் போகிறார் என்றதும் கொடுவாத் தலைக்கறி வேண்டுமென்று அந்தப் பெண் சொல்லி அனுப்பியிருந்தாளாம். அதை அவர் நம்மிடம் முன்பே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம் என்று நமக்கும் தெரியவில்லை. வழியில் அங்காடியில் இறங்கி வளர்ப்பு மீன்கள் இரண்டை வாங்கிக் கொடுத்தோம். மறுநாள் தொலைபேசியில் அழைத்தார்.

"மாப்பிள்ளை, அந்த மீனில் தீவன வாடை அடிக்கிறது" என்றார். பிறகு சற்று நிறுத்தி, "நேற்று விட்டது எவ்வளவு இருக்கும்? பத்து கிலோ தேறுமா?" என்று கேட்டார்.

நிறுக்கவில்லையே மாமா என்றோம்.

"பதினொன்று இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த அமாவாசை என்றைக்கு என்று விசாரித்தார்.